போத்தல் சோதனை

மூன்று தசம் ஒன்று.
ஜவ்பர் முதலாளி கணக்குக் கொப்பியை
என் பக்கம் தள்ளினார்.
"லீற்றருக்கு மூன்று தசம் ஒன்று, றெஜி.
இது லொறியா, குடிகாரனா?"

சீனக்குடாவில் என் பட்டறை.
பின்னால் காடு. காட்டுக்குள்
வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள்.
கூப்பிட்டால் பெயரை ஏழு தரம் திருப்பிச் சொல்லும் வெறுமை.
அதன் வாசலில் குந்தியிருந்து
நான் துளி எண்ணுகிறேன்.

நொசில் ஆறையும் கழற்றினேன்.
நான்கு, பனிமூட்டமாய்ப் பீச்சின.
ஐந்தாவது கிழட்டு ஆடு மூத்திரம் பெய்வதுபோல்.
ஆறாவதுக்கு மூக்கொழுகல்.
ஷிம் வைத்து இருநூற்றிப் பத்துக்கு ஏற்றினேன்.
எயார் பில்டரைத் தட்டினேன், அரைக்கிலோ மா கொட்டியது.
ரொட்டி சுடலாம்.
டெப்பெட் பன்னிரண்டு தௌ:
தகடு போய்வர வேண்டும்,
கடன் கேட்டு வந்தவன் படியிறங்குவதுபோல்
மனமில்லாமல்.

பம்ப் இரண்டு பாகை பிந்திக் கிடந்தது.
அன்னக்கழுத்துக் குழாயைப் பூட்டி
பிளைவீலைக் கம்பியால் நெம்ப, நெம்ப
சொட்டு.
சொட்டு.
சொட்
வராத அந்தச் சொட்டில்தான் இருக்கிறது நேரம்.
மூச்சை விடாமல் நட்டை இறுக்கினேன்.

கரும்புகை நின்றது.
கோணேசர் மலைப்பக்கம் மேகம் மட்டும் கறுப்பு.

இனிச் சோதனை.
டீசல் தாங்கிக் குழாயைக் கழற்றி
கெபினுக்குள் கட்டினேன் ஒரு போத்தல்.
கோடு போட்ட கண்ணாடிப் போத்தல், ஐந்து லீற்றர்.
பத்துத் தொன் மா. விடிய மூன்று மணி.
சாரதி குலவீரசிங்கம், இருபத்தெட்டு வருடச் சாரதி,
ஹோர்ன் அடிக்கக்கூட யோசிப்பவர்.

பாலம்போட்டாறு வரைக்கும்
நான்கு தசம் ஒன்று!
போத்தலை முத்தமிடலாம் போலிருந்தது.

பிறகு
வெறுந்தெருவில் கியரை இறக்கினார்.
முன்விளக்கைத் தணித்தார்.
கெபின் விளக்கைப் போட்டார்.
லொறி நடந்தது, மனிதன் நடப்பதுபோல்.
நாய்கூட இல்லை முன்னால்.
ஐம்பது யார் தாண்டி
விளக்கை அணைத்து, மிதித்தார்,
மூன்றாம் கியர், நான்காம் கியர்.
போத்தலில் டீசல் கடகடவென்று இறங்கியது.

தொண்ணூற்றெட்டாம் கட்டையிலும்.
கந்தளாய்க்கு இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும்.
அக்போபுரவில் இரண்டு தரம்.
பேசிக்கொண்டேதான் செய்தார்,
மகளின் பல்லுக்குக் கம்பி போட்ட செலவைப் பற்றி.
காலுக்கும் கதைக்கும் தொடர்பில்லை.

அவர் போட்ட வெளிச்சத்தில்
நான் போத்தலின் கோட்டை வாசித்தேன்:
மூன்று தசம் மூன்று.

பம்பைப் பூட்ட எனக்குத் தெரியும்.
நொசிலுக்கு எத்தனை அமுக்கம் என்று தெரியும்.
மண்மூட்டை அடுக்கும், பரலும், ரோர்ச் வெளிச்சமும்
எடுத்துப்போய்ப் பத்துப் பதினைந்து வருடமான இடத்தில்
ஒரு வலதுகால் தானாக எழும்பினால்
அதற்கு எந்தச் சாவி?

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
கல்லோயாச் சந்தி.
மறுபடியும் கெபின் விளக்கு.
பார்த்தால், என் கை
சட்டைப் பையில் இருக்கிறது.
அடையாள அட்டையைப் பாதி இழுத்துவிட்டது.

அவரும் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஹபரணையில் பிளேன்ரீ வாங்கித் தந்தார்,
சீனி கூட.

மாலை முதலாளிக்கு ரிப்போர்ட் எழுதினேன்.
நொசில் ஆறு, சரி. டைமிங், சரி.
சராசரி மூன்று தசம் ஆறு.
மேலும் கூடாததற்குக் காரணம் என்ற இடத்தில்
பேனையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன்.
வெளியே வேப்பமரம், ஓர் இலை அசையவில்லை.

கச்சான், எழுதினேன்.
எதிர்க்காற்று.